முகூர்த்தத்துக்கு முன்

வெள்ளைக்காரன் பேர் வைத்த
வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால்
ஒன்பதாம் நாள் ராத்திரி பன்னிரண்டே காலுக்கு
எங்களைத் தூக்கினார்கள்.
தூக்கினார்கள் என்றால் நிஜமாகவே.
கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர்,
போலம்மாவுக்கு மட்டும் ஆறு பேர்.
"பாத்து சார், இடுப்பு புடிச்சுக்கும்" என்றாள்.
தன் இடுப்பைச் சொல்லவில்லை.

மாநகரப் பேருந்துதான், முன்னால் போர்டு இல்லை.
கட்டணமில்லாப் பயணம் எங்களுக்குப் பழக்கம்;
எங்கே போகிறது என்று தெரியாததுதான் புதுசு.
சென்ட்ரல் கடிகாரம் போனது,
டவுட்டன் சிக்னல் போனது,
நான் பெருக்கும் தெருவும் போனது:
ஒன்பது நாள் குப்பை, நாய் கிழித்த பைகள்.
பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.
உடனே வெட்கப்பட்டேன்.
அப்புறம் மறுபடி கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

"அனுமதியில்லாமல் கூடியது, பிரிவு நாற்பத்தொன்று"
என்று எஸ்.ஐ. படித்தார்.
"எப்ப போட்ட சட்டம் சார்?"
எஸ்தரின் மகன் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம்;
அவளுக்குப் பதில் தெரியும்.
"ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தெட்டு."
போலம்மா விரல் விட்டு எண்ணப் பார்த்து விட்டுவிட்டாள்.
"அவனே கப்பலேறிட்டான்,
இத்த ஏன் வுட்டுட்டுப் போனான்?
போட்டவன்தான அள்ளணும்?"
பேருந்து சிரித்தது.
ஒரு பெண் காவலர் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி
முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வில்லிவாக்கம் தாண்டி ஒரு கல்யாண மண்டபம்.
சம்பளத்தில் ஏழாயிரம் குறைந்தது ஏன் என்று கேட்டால்
மண்டபத்தில் வைத்துத்தான் உபசரிப்பார்கள்.
மேடையில் தெர்மாகோல் எழுத்துகள்:
மஞ்சள் நீராட்டு விழா, நிவேதிதா.
தரையெல்லாம் அவள் விழா.
எச்சில் இலை, அரை லிட்டர் பாட்டில்,
மிதிபட்ட ஜாங்கிரி, பாயசம் காய்ந்த தடம்.

இருநூற்றுப் பதினாறு பெண்கள் அதைப் பார்த்தோம்.
சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளங்கை அரித்தது.
மூலையில் துடைப்பம் சாய்ந்து நின்றது,
கூப்பிடுகிற மாதிரி.

மூன்றரைக்குச் சரசு எழுந்து நடந்தாள்.
பாத்ரூமுக்கு என்று நினைத்தோம்.
போலம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"அத்தத் தொட்டா ஸ்ட்ரைக் முடிஞ்சிது."
சரசு திரும்பி வந்து
இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து
உட்கார்ந்துகொண்டாள்.

விடிவதற்குள் மேனேஜர் ஓடி வந்தார்.
"ஒன்பது பத்தரை முகூர்த்தம் சார், பொண்ணு வீட்டுக்காரங்க வந்துடுவாங்க."
எங்களைப் பார்த்தார்.
"நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை? ஆளுக்கு நூறு ரூபா."
யாரும் அசையவில்லை.
ஒரு ஃபேன் மட்டும் க்ரீச் க்ரீச் என்றது.
இன்ஸ்பெக்டர் குரலை இறக்கினார்: "கொஞ்சம் ஒத்துழைங்கம்மா."
எஸ்தர் சொன்னாள்,
"அனுமதியில்லாம கூடுனது தப்புன்னீங்க.
அனுமதியில்லாமப் பெருக்கினா எந்தப் பிரிவு சார்?"

ஐந்தே காலுக்கு
காவல்துறை பெருக்கத் தொடங்கியது.
லத்தி பிடிக்கிற கை, துடைப்பம் எப்படி வரும்?
அடித்தார்கள். தூசி எழும்பி
அவர்கள் தோள் நட்சத்திரத்திலேயே உட்கார்ந்தது.
"குனி சார்."
"சாச்சுப் புடி."
"உன் பக்கம் இழு, எங்க பக்கம் தள்ளாத."
ஒரு பையன், இருபத்திரண்டு வயசிருக்கும்,
இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
எதையோ கேட்க வந்தான். கேட்கவில்லை.
எனக்கும் அவன்மேல் கோபம் வரவில்லை;
அதற்காக என்மேல் கோபம் வந்தது.

அதற்குள் அலங்காரக்காரன் ஏணி போட்டு
நேற்றைய பெயரை உரித்துக்கொண்டிருந்தான்.
நி போனது. வே போனது. தி போனது.
ஓர் எழுத்து மட்டும் பாக்கி.
எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த போலம்மா
அதை வாய்விட்டு வாசித்தாள்.

"தா."

அவன் கை நீட்டினான்.
"இருக்கட்டும் தம்பி," என்றாள்,
"டீ வர்ற வரைக்குமாவது."