மாற்றாள்

இந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது.
ஐஸ்பெட்டிக் குளிர், குளோரின் நெடி,
கொக்கிகளில் தலைகீழாக வந்துகொண்டே இருக்கும் வான்கோழிகள்.
மினசோட்டாவில் சூரியன் மறைகிறது என்பதை
இரண்டாம் ஷிஃப்டுக்காரர்கள்
நம்பித்தான் ஆக வேண்டும்.

என் வேலை மாற்றாள்.
கழிவறைக்கு ஒருத்தி போனால் அவளிடத்தில் நிற்பேன்.
கை வெட்டுப்பட்டு ஒருவன் போனால் அவனிடத்தில்.
பதினேழு வருடமாக
பிறர் இல்லாத இடங்களில் இருந்து வருகிறேன்.

குலேத் சேர்ந்த குளிர்காலத்தில்
மேற்பார்வை டுவெய்ன் ஒரு தாளை நீட்டினான்.
"மார்லிஸ், இதில் போட்டிருக்கிற நேரத்துக்குப்
பதினொன்றாம் இடத்தில் நில். ஏழு நிமிடம்."
இன்றைக்கு 4:41. நாளைக்கு 4:42.
அச்சுப்பிழை என்று நினைத்தேன்.
இந்தக் கம்பெனியில் எதுவும்
யாருக்காகவும் ஒரு நிமிடம் நகர்ந்து நான் பார்த்ததில்லை.
"அஸ்தமனத்தில் தொழணுமாம்" என்றான்,
பனிப்புயல்மீது புகார் சொல்கிறவன் குரலில்.

குலேத் கத்தியைத் துடைப்பான்.
பிடியை என் பக்கம் திருப்பித் தருவான்.
அது என் கத்தியைவிடக் கூர்மை,
இறக்கை மூட்டில் தானே வழி கேட்டுப் போகும்.

"எனக்கும் ஏழு நிமிடம் கொடுங்கள்,
நானும் எதையாவது நம்பித் தொலைக்கிறேன்"
என்றான் ராண்டி.
சிரித்தார்கள். நானும்தான்.
அவன் சிகரெட்டுக்கு ஓடும்போதெல்லாம்
அவனிடத்தில் நின்றவளும் நான்.
அந்த நிமிடங்களுக்கு
யாரும் தாள் அடிக்கவில்லை.

கை கழுவும் தொட்டியில் கால் வைக்காதீர்:
நான்கு மொழிகளில் அறிவிப்பு ஒட்டினார்கள்.
குலேத் ஒரு பிளாஸ்டிக் கூஜா கொண்டுவந்தான்.
தரையெல்லாம் ஈரம்.
வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே துடைத்தேன்.
மறுநாள் நான் போவதற்குள்
துடைப்பான் அவன் கையில் இருந்தது.
அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை.

மார்ச்சில் ஒருநாள் ஐந்து பேர் வரவில்லை.
"இன்றைக்குத் தாள் கிடையாது" என்றான் டுவெய்ன்.
என்னை நான்காம் இடத்தில் நிறுத்தினான்.
குலேத் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தான்,
பிறகு பறவையை.
கேட்கவில்லை.
கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.

5:58.
என்னை நல்லவளென்று எழுதிவிடாதீர்கள்.
கால்தான் போனது.
கறவை மாடு நேரத்துக்குக் கொட்டிலுக்குப் போகுமே, அப்படி.
கையை நீட்டினேன், பிடி வந்து உட்கார்ந்தது.
நான்காம் இடத்தில் ஒன்பது வான்கோழிகள்
வெட்டப்படாமல் கடந்து போயின.

எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள்.
காரணம் என்ற கட்டத்தில் 5:58 என்று எழுதினேன்.
அலுவலகத்தில் ஒரு பெண் அதை
நேரம் என்ற கட்டத்துக்கு மாற்றி எழுதி,
காரணத்தைக் காலியாக விட்டாள்.

அக்டோபரில் ஒரு வாரம்
சூரியனும் கம்பெனியும்
ஒரே நேரத்தில் சாப்பிடப் போகின்றன.
அப்போது நான் யாருக்கும் தேவையில்லை.
உணவறையில் என் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு
அலமாரி வரிசைக்குப் பின்னால்
அட்டை விரிக்கும் சத்தம் கேட்டபடி இருப்பேன்.
நவம்பரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவார்கள்.
அஸ்தமனம் ஒரே தாவில்
ஒரு மணி நேரம் முன்னால் வந்து நிற்கும்.
டுவெய்ன் புதுத் தாள் அடிப்பான்,
முணுமுணுத்துக்கொண்டே,
இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே.

ஞாயிற்றுக்கிழமை,
என் வீட்டுச் சமையலறையில் ஜன்னல் உண்டு.
உருளைக்கிழங்கு நறுக்கும்போது
வெளிச்சம் அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து நழுவுகிறது.
கத்தியைத் துடைக்கிறேன்.
வேண்டிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை.
பிடியை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் நிற்கிறேன்,
என்னை மாற்றிவிட
யாரோ வருவதுபோல.