செவ்வாய், ஒன்பதரை

இரண்டு கிழமைக்கு ஒருக்கால், செவ்வாய்,
காலை ஒன்பதரை.
போத்தலை அந்தந்தக் கிணற்றுத் தண்ணியாலேயே
மூன்று தரம் அலசி
நான்காம் தரம் நிரப்பி
மூடியில் இலக்கம் எழுதுவோம்.

பெட்டி மூலையில் இன்னொரு போத்தலும் கூட வரும்.
வடித்த நீர். எந்தக் கிணற்றையும் அறியாதது.
மயிலிட்டி மட்டும் போய் வெயில் தின்று
திருநெல்வேலி ஆய்வுகூடத்துக்குத் திரும்பி
எங்கள் கையழுக்கைப் பற்றி மட்டும் சாட்சி சொல்லும்.
வெற்று மாதிரி என்று அதற்குப் பெயர்.
நிதர்சன் அதை "சும்மா வாறவர்" என்பான்.

ஒன்பதரை ஏன்?
முறையியல் அத்தியாயத்தில் அதற்கொரு பந்தி எழுதினேன்:
'ஒருசீர்மையைப் பேணும் பொருட்டு.'
உண்மை, எட்டேகால் பஸ்.

நாலு வருசம்.
பதினேழாம் கிணறு மெல்ல உவர்த்தது, மெல்லத் தெளிந்தது.
வரைபில் அது நீண்டதொரு மூச்சு.
பருவகாலம் என்று பெயரிட்டேன்.
அந்தப் பெயரால் ஒரு கட்டுரை,
கட்டுரையால் ஒரு பதவி,
பதவியோடு யன்னல் உள்ள ஓர் அறை.

ஆனால் என் பருவம்
ஒன்பது மாதத்துக்கு ஒருக்கால் வந்தது.
மாரி பிந்திவிட்டது என்றேன் ஒரு வருசம்.
முந்திவிட்டது என்றேன் மறுவருசம்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினேன்.

பஸ் ஓடாத ஒருநாள்
நிதர்சனின் மோட்டர் சைக்கிளில் போனோம்.
தெல்லிப்பழையில் ரயர் காற்றுப்போய்
கிணற்றடிக்கு வர மூன்றேகால்.
வளைகோட்டின் அடியில் இருக்கவேண்டிய எண்
உச்சியில் நின்றது.
கருவி பிழை என்றேன். திரும்ப அளந்தோம், அதே எண்.
நீ சரியாய் அலசேல்லை என்றேன்.
அவன் ஒன்றும் பேசாமல் போத்தல்களை அடுக்கினான்.

கொப்பியில் அந்த எண்ணை வெட்டினேன்.
ஒற்றைக் கோடு, கீழே எண் தெரியத்தக்கதாக.
அழிக்கக் கூடாது என்பதும் முறைதான்.
ஓரத்தில் இப்படி:
'பஸ் இல்லை. 3.15. எமிலியானா அக்கா சொன்னா,
சில நாளையில பின்னேரத் தண்ணி வாயில வைக்கேலாது.'

பதினான்கு மாதம் அந்த வரி அங்கேயே கிடந்தது.

பெற்றோல் வரிசையில் ஆறாம் மணித்தியாலம்.
மடியில் நிதி விண்ணப்பம்:
'உங்கள் ஆய்வின் புத்தாக்கம் யாது? நூறு சொற்களுள்.'
எழுத ஒன்றுமில்லை.
கொப்பியைப் புரட்டினேன், விசிறிக்கொள்ள.
வெட்டிய எண் பார்த்தது.

கடல் ஏறி இறங்க
பன்னிரண்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவு.
இருபத்தேழு தரம் ஏறி இறங்கினால்
பதினான்கு நாள். மிச்சம் நாற்பது நிமிசம்.
விண்ணப்பத்தின் முதுகில் பென்சிலால் பெருக்கினேன்.
பத்தொன்பது செவ்வாயில் வட்டம் மூடும்.
ஒன்பது மாதம்.

பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.
வரிசை நகர்ந்துவிட்டது. நான் நகரவில்லை.

பருவமில்லை. மழையில்லை.
நாளுக்கு இரண்டு தரம் கல்லிடுக்கால் வந்துபோகும் கடலை
என் ஒழுங்கு
தவணைக்கு நாற்பது நிமிசமாய் நறுக்கி
நாலு வருசம் எனக்கே காட்டியிருக்கிறது.

இரண்டு இரவு கிணற்றடியில் ரோச் லைற்றோடு இருந்தோம்.
அரைமணிக்கு ஒரு எண்.
முதல் தேத்தண்ணியோடு
நிதர்சனிடம் மன்னிப்புக் கேட்டேன்.
"இப்ப அளக்க நேரம், மிஸ்" என்றான்.

என் கட்டுரைக்கு நானே திருத்தம் எழுதினேன்.
பதவி உயர்வுச் சபையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி
இதை வெளியீடாக எண்ணுவதா, வழுவாகவா என்றார்.
இன்னும் பதில் வரவில்லை.

இப்போது நேரங்களைத் துண்டில் எழுதி
வெறும் பால்மாப் பேணியில் குலுக்கி எடுக்கிறோம்.
குலுக்கலுக்கும் விதி உண்டு:
வந்த துண்டைத் திருப்பிப் போடக் கூடாது.
இந்தக் கிழமை நிதர்சனின் கையில் வந்தது
வெள்ளி, விடியப்புறம் இரண்டு நாற்பது.

நாய் குரைக்கிறது. யன்னலில் வெளிச்சம்.
"ஆரது இந்தச் சாமத்தில?"
"தண்ணி அளக்கிற ஆக்கள், அக்கா."
"எத்தின பேர்?"
"ரெண்டு பேர்" என்கிறேன்.
"மூண்டு" என்கிறான் நிதர்சன்,
பெட்டியை இறக்கியபடி.