கடலுக்கடியில் பதினொரு கிலோமீட்டர்

ஒரு நாளைக்கு எத்தனை முறை?
ஹானுஸ் எண்ணி வைத்திருக்கிறான்.
பஸ் ஓட்டுகிறவன் எதையும் எண்ணுவான்.
"பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினாலு."
மூன்று என்று எழுதுகிறேன்.
என் படிவத்தில்
மூன்றுக்கு மேல் இடமில்லை.

ரத்தம்?
சன்னலைப் பார்க்கிறான்.
தோர்ஷவ்ன் துறைமுகத்தின் மேல்
மழை பக்கவாட்டில் பெய்கிறது, வழக்கம்போல.
"மீன் கழுவின தண்ணி" என்கிறான்
மழையிடம்.
அதற்கு இரண்டு.

குழாய் விட்டுப் பார்த்தவர் இரண்டு போட்டிருந்தார்.
டாக்டரின் பொது அபிப்பிராயம் இரண்டு.
கூட்டினால் ஒன்பது, பன்னிரண்டுக்கு.
ஒன்பதின் பெயர்
மிதமானது.
அந்தச் சொல்லை அவன் பார்க்காதபடி
தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பிறகு காரணிகள். இரண்டு பக்கம்.
பிறந்த தீவு, குடித்த பால்,
சின்ன வயதில் விழுங்கிய ஆன்டிபயாட்டிக்,
வாரத்தில் எத்தனை நாள் இறைச்சி
("எத்தனை நாள் இல்லைன்னு கேளுங்க"),
உறக்கம், மனஅழுத்தம்,
மாத்திரையைத் தானாக நிறுத்தியது உண்டா.
உண்டு. இரண்டு தரம்.
நன்றாக இருந்த நாட்களில்
நோயாளி மாதிரி விழுங்கப் பிடிக்கவில்லையாம்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது?
இல்லை.
எழுந்து, கோட்டில் ஒரு கையை நுழைத்தபின் சொன்னான்:
அப்பாவின் தங்கை ஒருத்தி
சர்ச்சில் எப்போதும் கடைசி பெஞ்சு, கதவோரம்.
பாதிப் பாட்டில் எழுந்து போய்விடுவாள்.
பக்தி போதாது என்றது ஊர்.
'இல்லை'யை அடித்துவிட்டு
'ஆம்' என்று எழுதினேன்.
அவள் செத்துப் பத்தொன்பது வருஷம்.

புகை?
மகளுக்கு இழுப்பு வந்ததும் விட்டானாம்,
இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தை
ஒரே வெள்ளிக்கிழமையில்.
விட்ட நாலாம் மாதம் ரத்தம்.
"அதுதான் காவல் காத்துச்சோ?"
இந்த ஒரு நோயில் அப்படியும் நடப்பதுண்டு என்று
நான் படித்திருக்கிறேன்.
நுரையீரல் வார்டு எங்களுக்கு
ஒரு மாடி மேலே என்றும் தெரியும்.
"மறுபடி பிடிக்கலாமா?"
கூடாது என்றேன்.
சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு கை கோட்டிலும் ஒரு கை வெளியிலுமாக
மறுபடி உட்கார்ந்தான்.

கிளாக்ஸ்விக்கிலிருந்து வரும் வழியில்
இரண்டாவது சுரங்கம்.
கடலுக்கடியில் பதினொரு கிலோமீட்டர்.
நடுவே பாறையைக் குடைந்து ஒரு ரவுண்டானா,
நீலமும் சிவப்புமாய் விளக்குகள்.
கழிப்பறை கிடையாது.
போன செவ்வாய் அங்கேதான் வந்தது,
அடிவயிற்றில் துணி பிழிகிற மாதிரி.
நிறுத்தினால் எழ வேண்டும்.
எழுந்தால் முடிந்தது.
பின்னால் இருபத்து மூன்று பேர்.
திருப்பத்தில் வெளியேறாமல்
ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டு
ஒரு சுற்று,
இன்னொரு சுற்று,
பல்லைக் கடித்து மூன்றாவது.
தலைக்கு மேல் முழுக் கடல்.

சுற்றுலாக்காரர்கள்
தங்களுக்காகத்தான் சுற்றுகிறான் என்று
போனை உயர்த்திப் படமெடுத்தார்கள்.
இறங்கும்போது கை தட்டினார்கள்.
டென்மார்க்காரர் ஒருவர் இருபது குரோனர் தந்தார்.

"வாங்கிக்கிட்டேன்" என்றான்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
'பிற' என்று ஒரு வரி இருந்தது,
அரை விரல் நீளம்.

போகிறபோது மேசையில் மறந்த சாவிக்கொத்தை
எடுக்கத் திரும்பி வந்தான்.
பஸ் சாவி ஒன்றுதான். மற்ற ஐந்தும்
வழியிலுள்ள கதவுகள்:
நூலகம், லெய்ர்விக் மீன் தொழிற்சாலை,
ஒரு தையல்காரியின் வீடு.
ஏனென்று கேட்காமல் கொடுத்தவர்கள்.
"இது நம்ம சர்ச்சுது" என்றான்.
ஐந்தாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
எந்தக் கதவுடையது என்று
நினைவு வரவில்லை.
கழற்றவும் இல்லை.