பன்னிரண்டு

தார்ரோட்டில் பாதியை அடைத்துக் காய்கிறது
என் மக்காச்சோளம்.
தேவர்குளம் பஸ் ஒதுங்கித்தான் போகணும், மாசி முடியும்வரை.

தரகர் ஒரு பிடி அள்ளி மிஷினில் போட்டார்.
பதினாறு.
"ஈரம் சாஸ்தி. பன்னிரண்டுக்கு இறக்கு,
வெள்ளிக்கிழமை நாமக்கல் லாரி வருது."

அன்றைக்கே மத்தியானம்
நர்சு ஜெசிந்தா என் விரலில் குத்தி
ஒரு சொட்டை இன்னொரு மிஷினுக்குக் கொடுத்தாள்.
ஏழு புள்ளி எட்டு.
"பன்னிரண்டுக்கு ஏறணும், முப்பிடாதி."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
என்னட்டி சிரிக்கே, என்றாள்.
மாத்திரை எங்கே, என்றாள்.
கருப்பாகப் போகுதேயென்று பயந்து
ஒரு வாரத்தோடு நிறுத்தியது
உப்பு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.

"கோழிக்கே சத்துப் பவுடரு கணக்காக் கலக்குதாவ.
நீ வெளைச்சத நீ தின்னுருக்கியா?"

படைப்புழுவுக்கு மருந்தடித்தவள் நான்.
குருத்துக் குருத்தாக மண் போட்டவள்.
கருது ஒடிக்கையில் மூன்று தரம்
கண் இருட்டி வரப்பில் உட்கார்ந்தவள்.
தின்றதில்லை.
கோழித்தீவனம் என்றே பேர் அதற்கு இங்கே.

வெள்ளிக்கிழமை
நாற்பத்திரண்டு மூட்டையில் நாற்பத்தொன்று ஏறியது.

அதில் இரும்பு கொஞ்சந்தானாம்,
அதையும் பூட்டி வைத்திருக்குமாம்.
ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன்.
அரைத்துப் புளிக்க விட்டேன்.
முருங்கைக்கீரை இரண்டு கை,
துரு தேய்த்த இரும்புக் கல்லில் அடை,
கூடவே எலுமிச்சம்பழத் துவையல்.

"நாங்க என்ன பிராய்லரா?"
தட்டைத் தள்ளினார் வீட்டுக்காரர்.
மறுநாள் நாலு தின்றார்.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாத்திரையை இந்தத் தடவை விடவில்லை.
டீயைத்தான் விட முடியவில்லை.
சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கணுமாம்.
பூட்டைத் திரும்பப் போட்டுவிடுமாம் டீ.
ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு நீளமென்று
களையெடுக்கும்போதுகூடத் தெரிந்ததில்லை.

வைகாசியில் மறுபடி விரலை நீட்டினேன்.
பத்து புள்ளி ஒன்று.
ஜெசிந்தா உதட்டைப் பிதுக்கினாள்,
பிறகு சிரித்தாள்.
மக்காச்சோளமாக இருந்திருந்தால்
இந்நேரம் லாரி ஏற்றியிருப்பார்கள் என்னை.

திரும்பும் வழியில் டீக்கடை.
பாய்லர் சீறுகிறது.
சாப்பிட்டது எத்தனை மணிக்கு?
இன்னும் இருபது நிமிஷம் கிடக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்தேன்.
மானூர் பஸ் வந்தது.
விட்டுவிட்டேன்.