ஈரக் கழிவு

கோத்தகிரியில் ஒரு பேக்கரி மாடி.
ஆறு நாற்காலி, ஏழு பேர்.
தேயிலை ஃபேக்டரிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம்:
பச்சை இலை எடை, கழிவு, முன்பணம்,
மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு.
பதினொரு வருடத்தில் நாற்பது ஃபேக்டரி வந்தது,
பதினாறு போனது.
போன விதம் எல்லாம் ஒன்றுதான்:
ஒரு பென்டிரைவ், ஒரு நன்றி.

ஆடிக் காற்றில் மூன்றாம் நாளாகக் கரன்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் முதலாளி பெள்ளிராஜ்
பலகையில் வட்டம் போட்டார்.
"ஒருத்தன் புழங்கும் பெட்டியை
ஒருத்தனே தூக்கிக்கொண்டு போய்விடலாம்.
பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் பெஞ்சை
யார் தூக்குவது?"
வட்டத்துக்குள் பத்துப் புள்ளி வைத்தார்.
"அரட்டை வையுங்கள். குறிப்பு எழுத இடம் வையுங்கள்.
ஒரே தாளில் எல்லார் கையும் படட்டும்.
கணக்கை விட்டுப் போவான்.
பேச்சை விட்டு எவன் போவான்?"

'கூடு' என்று பெயர் வைக்கலாம் என்றேன்.
கூண்டு என்று காதில் விழும் என்றான் ஜெரால்டு.
'கூடம்' என்று முடிவானது.

கட்டபெட்டு ஃபேக்டரியில்தான் முதலில் போட்டோம்.
நான் போய்ச் சொல்லிக்கொடுத்தேன்.
இலைக் கொட்டகையில் எடை போடும் தவமலருக்கு மஞ்சள்,
லாரி ஓட்டும் சபீருக்குப் பச்சை,
முதலாளி போஜனுக்கு அவரே கேட்டு வாங்கிய சிவப்பு.
ஒரே தாளில் ஆறு நிறம் நகர்வதைப் பார்த்து
எனக்கே ஒரு நிமிடம்
வேலை மறந்தது.

செப்டம்பர் ஒன்பது, வரிசை இருநூற்றுப் பன்னிரண்டு.
ஈரக் கழிவு: பதினான்கு சதவீதம்.
கட்டத்தின் மூலையில் சின்ன மஞ்சள் முக்கோணம்.
'அன்னிக்கு மழை இல்லை. நான்தான் எடை போட்டேன்.'
அதன் கீழே பச்சை:
'ரோடெல்லாம் புழுதி. சாயங்காலம் வண்டி கழுவினேன்.'
அதன் கீழே யாரோ ஊதா:
'பனியும் இல்லை.'

பிறகு ஒருவரும் எழுதவில்லை.
ஒருவரும் வெளியேறவும் இல்லை.
அந்தக் கட்டத்தைச் சுற்றி ஆறு நிறமும் நின்றன.
'போஜன் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று காட்டியது திரை.
பத்து நிமிடம் காட்டியது.
ஒரு எழுத்தும் வரவில்லை.

என் போன்தான் அடித்தது.
"அந்தக் குறிப்பை எடுக்க முடியுமாம்மா?"
முடியும் சார்.
"எழுதவே முடியாமல் பண்ண முடியுமா?"

பெள்ளிராஜ் பலகையை அழித்துவிட்டு
ஒரே ஒரு சொல் எழுதினார்: அனுமதி.
யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும்,
யாருக்கு அந்தக் கட்டம் இருப்பதே தெரியாது.
மூன்று படி. மூன்று விலை.
கூடிப் பேச வாங்கியவர்கள் எட்டுப் பேர்.
பேச்சைப் பூட்ட வாங்கியவர்கள் இருபத்தொரு பேர்.
யாரும் பென்டிரைவோடு வரவில்லை அதற்கப்புறம்.
கார்த்திகையில் எனக்குச் சம்பளம் கூடியது;
புது நாற்காலி இரண்டு வந்தது, சக்கரம் வைத்தது.

நீக்கியதெல்லாம் போய்விடாது.
தட்டியதைத் தட்டியபடியே வைக்க
ஜெரால்டு உள்ளே ஒரு அட்டவணை வைத்திருக்கிறான்.
மேகம் ஜன்னலுக்கு வரும் பிற்பகல்களில்
எதிர்க் கடை மறைந்ததும் அதைத் திறப்பேன்.

தவமலருக்கு இப்போது எடை மட்டும்தான். எண் மட்டும்தான்.
மழை நாட்களில் 23.5 என்று தட்டுகிறாள்.
மழையில்லாத நாட்களில் 23.50.
இரண்டும் ஒன்று என்கிறது மென்பொருள்.
மூன்று மாதம் வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.
ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஜெரால்டிடம் சொல்லவில்லை.
சொன்னால் சரிசெய்துவிடுவான்.