காரணம்: ஆறு

ராத்திரி ஷிப்டில் எண்ணிக்கை குறைந்தால்
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
ஒன்று, கரண்ட். இரண்டு, மெஷின் பழுது.
மூன்று, சரக்கு வரவில்லை. நான்கு, அச்சு மாற்றம்.
ஐந்து, இதர.
ஆறு, ஆபரேட்டர்.

இதர என்று போட்டால் விளக்கம் கேட்பார்கள்.
விளக்கத்துக்கு விட்ட இடம் பீடித்துண்டு அகலம்.
அதனால் ஆறு.
பதினோரு வருடத்தில் என் கையெழுத்தில்
அந்த ஒரு எண்தான் அழகாகத் திருந்தியிருக்கிறது.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் எபினேசர்.
ஐந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரப்பர் புஷ்,
மணிக்கு நூற்று நாற்பத்து நாலு.
பின்னிரவு இரண்டுக்கு மேல் நூறு தொடுவதே பெரும்பாடு.
ஆறு. ஆறு. ஆறு.

கிண்டியிலிருந்து ஸ்டாப்வாட்சோடு ஒரு பையன் வந்தான்
பகல் பதினோரு மணிக்கு.
அந்நேரம் எபினேசர் எர்ணாவூரில்
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே,
கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை
கண் திறந்து கண் மூடிக்கொண்டிருந்தான்.
பையன் வேறு யாருடைய கையையோ அளந்துவிட்டு
சமோசா சாப்பிட்டுப் போனான்.
ஊக்கம் போதாது என்று ரிப்போர்ட் வந்தது.
கேன்டீன் சுவரில் சூரியோதயப் படம் ஒட்டினார்கள்.

ஒரு ராத்திரி நானே போய் நின்றேன்.
கிழக்கு ஷட்டரைத் தூக்கினால் கடல் காற்று;
சரக்கு களவு போகுமென்று அதற்குப் பூட்டு.
மேற்கே ஜன்னல், திறந்தால் மணலி வாசனை.
இருக்கிற ஒரே பெடஸ்டல் ஃபேன்
கன்ட்ரோல் பேனலைப் பார்த்துச் சுழல்கிறது.
பேனல் சூடானால் ட்ரிப் ஆகிவிடும்.
எபினேசர் ட்ரிப் ஆவதில்லை.
நூற்றறுபது டிகிரி அச்சைத் திறக்கிறான்,
புகை எழுகிறது, முகத்தைத் திருப்பிப்
பின்னால் இருக்கும் காற்றில் ஒரு மூச்சை வாங்கி
மறுபடி குனிகிறான்.
அந்த ஒரு மூச்சுதான்
என் தாளில் மணிக்கு நாற்பது குறைவு.

ஃபேன் கழுத்தைப் பிடித்து அவன் பக்கம் திருப்பினேன்.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டை மட்டும் அசைந்தது.
மூன்று மணிக்கு நூற்று முப்பத்தெட்டு.
நாலு பத்துக்குப் பேனல் படுத்துக்கொண்டது.
இருபத்தைந்து நிமிடம்.
அவன் பேருக்கு நேரே முதல்முறையாக
இரண்டு என்று எழுதினேன்;
கை கொஞ்சம் கோணியது.

மறுநாள் மதியத்துக்குள் பேனலுக்குப் புது ஃபேன்,
பில், கையெழுத்து, கியாரண்டி கார்டு சகிதம்.
பழையதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
மாதக் கடைசியில் மேனேஜர் கேட்டார்,
நாலாம் நம்பருக்கு என்ன ட்ரெய்னிங் கொடுத்தீங்க?
தேதி போட்டு ஏதோ எழுதிக் கொடுத்தேன்.

இப்போது டிரிம்மிங் மேசையிலிருந்து தேசம்மாள்,
துடிக்கிற ட்யூப்லைட்டின் கீழே
புஷ்ஷின் பிசிறை மூக்கருகே வைத்து அறுத்தபடி,
நான் தாளோடு கடக்கும்போதெல்லாம் கேட்கிறாள்:
"இன்னா சார், எங்கைல ஒரு கத்திதான கீது.
நா எத்த ரிப்பேர் ஆக்கறது?"