அடுக்கின் கண்

உபி தொழிற்பேட்டை ஐந்தாம் மாடியில்
என் ஸ்கேனருக்குத்தான் குளிர்சாதனம்.
மிச்சக் காற்றில் நான் இருக்கிறேன்.

புனிதவதி கொண்டுவந்த படம்
மைலோ டப்பாவில் அரிசியோடு இருந்ததாம்,
ஈரம் ஏறாமலிருக்க.
ஆனாலும் ஓரத்தில் பூஞ்சை கிளைவிட்டிருந்தது.
செம்பவாங், கடற்படைத்தளக் குடியிருப்பு, அறுபத்தாறு.
அப்பா வைரக்கண்ணு, வெள்ளைச் சட்டை.
பின்னால் ஒரு கதவு. கதவுக்குள் கறுப்பு.

"முகமே தெரியல. கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க லா."

வெளுப்பு வேறு, வெளிச்சம் வேறு
என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.
பதினாறு பிட்டில் வருடினேன்.
எட்டில் எடுத்து இழுத்தால்
வரைபடம் சீப்பாகிவிடும்,
பல்லுக்குப் பல் ஓட்டை.
விழுந்த பல் எந்தக் கணினியிலும் முளைக்காது.

மூலத்தைத் தொடவில்லை.
மேலே ஓர் அடுக்கு, அதில் ஒரு வளைகோடு.
சட்டை வெறும் தாளாகிவிடாமல்
மேல்முனையை ஆணியடித்தேன்.
கீழ்முனையை மட்டும்
சோற்றுப்பானை மூடியைப்போல
மெல்லத் தூக்கினேன்.

வந்தது முகம்.
கறுப்பு கறுப்பாகவே வந்தது,
கன்னமேடு, மூக்கோரம், நேற்று மழித்த தாடை எனப்
பிரிந்து பிரிந்து.
"ஆமா. அப்பாதான்."

அதோடு நின்றிருக்கலாம்.
நிழலில் இன்னும் சரக்கு இருந்தது,
எனக்கோ கை நிற்காது.
கதவுக்கென்று இன்னோர் அடுக்கு திறந்தேன்.
அரைப் புள்ளி. இன்னும் அரை.
மணல்போல இரைச்சல் எழுந்தது,
மணலுக்குள் ஒரு புடவைக் கரை,
ஒரு பெண், இடுப்பில் பிள்ளை.
பிள்ளை கேமராவைப் பார்க்கவில்லை.
வெள்ளைச் சட்டையின் முதுகைப் பார்க்கிறது.

"நீங்களா?" என்றேன்.
"நான் எழுபத்தொண்ணுல பொறந்தேன்.
அம்மா அப்ப மலாக்காவுல. கல்யாணமே ஆகல."

கோப்பிப் பையின் ஸ்ட்ரா
அவர் பல்லிடுக்கில் நசுங்கியது.
பக்கத்து யூனிட்டில் துளைக்கருவி ஓடி நின்றது.

"கதவு இருட்டாவே இருக்கட்டும். முடியும்தானே?"

முடியும்.
ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் உண்டு.
சொடுக்கி மூடினேன். அழிக்கவில்லை.
எட்டுக்குப் பத்து, மங்கல் தாள், பதினெட்டு வெள்ளி.

பேநவ்வில் அனுப்பிவிட்டு
மின்தூக்கி வரை போனவர் திரும்பி வந்தார்.
"அந்த முழுக் கோப்பு... எவ்ளோ பெருசு?"
"நானூறு எம்பி."
கைப்பையைத் துழாவி, சாவிக்கொத்திலிருந்து
ஒரு தம்ப் டிரைவைக் கழற்றினார்.
அதன் மூடி ஒரு மஞ்சள் வாத்து.
கழுத்தைத் திருகினால்தான் திறக்கும் என்றார்.